மடக்குக் கத்தியும் சட்டத்தின் வரம்பும்: பழங்காநத்தத்திலிருந்து ஒரு மறுப்பு

முன்னுரை

காலையில் மதுரைப் பழங்காநத்தம் ரவுண்டானாவைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களின் பைகளில், சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கத்தியும் கிடக்கும். வயரிங் வேலை செய்பவர் வயரின் மேலுறையைச் சீவுவது அதைக் கொண்டுதான். சரக்கு இறக்குபவர் சாக்குத் தையலைப் பிரிப்பதும், நாற்றுப் பண்ணைக்காரர் ஒட்டுக் கட்டுவதும், கொய்யாக்காரர் பழத்தைக் கீறி மிளகாய்ப்பொடி தூவுவதும் அதைக் கொண்டே. பேனாக்கத்தி என்றோ மடக்குக் கத்தி என்றோ சொல்லப்படும் இதை, வைத்திருப்பவர் யாரும் ஆயுதமாக நினைப்பதில்லை. செருப்பையும் குடையையும் போல அது கையோடு இருக்கும் ஒரு பண்டம்.

பழிக்குப் பழியாக ஒரு கொலை நடந்து ஊர் பதறும்போதெல்லாம், கத்தியையே தடைசெய்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழுகிறது. பதற்றத்தில் பிறக்கும் அந்தக் கேள்வியில் நியாயமான அக்கறை இருக்கிறது. தமிழ்நாட்டில் மடக்குக் கத்திக்கெனத் தனித் தடைச் சட்டம் இல்லை. ஆனால் 2021இல் தமிழ்நாடு காவல்துறை பிறப்பித்த அறிவுறுத்தல் அந்தத் திசையில் எடுத்து வைத்த ஓர் அடி. அந்த அடி தடைச் சட்டமாக நீளக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றாகும்போது, தவறு செய்யாத உழைப்பாளி தன் நேர்மையைத் தெருவில் நின்று மெய்ப்பிக்க நேர்கிறது. கொலைக்குத் துணிந்தவருக்கோ வேறு இரும்பு கிடைத்துவிடுகிறது.

1. சட்டம் ஏற்கெனவே கிழித்த கோடு

இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 2ஆம் பிரிவு, தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட பொருள்களை ஆயுதம் என்கிறது. கூர்முனைக் கொலைக் கருவிகளும் அதில் அடங்கும். அதே மூச்சில், வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை விலக்கிவிடுகிறது. ஆயுத விதிகளின் பட்டியல் இன்னும் நுட்பமானது. வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு கத்தியையும் அது பேசுகிறது. ஆனால் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகையே குறிப்பிடுகிறது; வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கான கத்திகளை அப்போதும் விட்டுவிடுகிறது. 1962ஆம் ஆண்டின் விதிகளில் இருந்த இந்த அளவு 2016ஆம் ஆண்டின் விதிகளிலும் தொடர்கிறது.

இதற்கு மேலும் ஒரு தடுப்பு உண்டு. துப்பாக்கி அல்லாத ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் வேண்டும் என்று சொல்ல, 4ஆம் பிரிவின்படி மத்திய அரசு ஒரு குறிப்பிட்ட பகுதியின் நிலைமையைக் கருதி அரசிதழில் அறிவிக்க வேண்டும். நாடு முழுவதும் எல்லாக் காலத்துக்குமான தடையைச் சட்டம் எண்ணவில்லை. இந்த ஊரில், இந்தச் சூழலில், இந்த வகை ஆயுதம் என்று இடமும் காரணமும் சொல்லச் சொல்கிறது. வடிவமைப்பு, அளவு, பயன், இடம் ஆகிய நான்கு கேள்விகளைக் கேட்ட பிறகே கத்தி ஆயுதமாகிறது. மடக்குக் கத்தித் தடை இந்த நான்கையும் ஒரே வீச்சில் அழித்துவிடும்.

தில்லியில் அந்தக் கோடு கீழே இறக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டின் அறிவிக்கை, பொத்தானாலோ பிற பொறியமைப்பாலோ திறக்கும் கத்திகளில் 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டியவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அங்கும் பொறியமைப்பே அளவுகோல். கையால் விரித்து மடக்கும் சாதாரணக் கத்தி அதன் இலக்கு அல்ல. அப்படியிருந்தும் அந்த அறிவிக்கையின் வாசகத்துக்கு வெளியே வழக்குகள் போடப்பட்டன. பொத்தான் கத்தி வைத்திருந்ததாகப் பதிவான ஒரு வழக்கை 2025இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அறிவிக்கை எந்த நோக்கத்துக்கான உடைமையைத் தடுத்ததோ, அந்த நோக்கம் குற்றப்பத்திரிகையில் சொல்லப்படவே இல்லை. ஒருவர் ஒரு சொல்லுக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தினக்கூலிக்காரர் எத்தனை பேருக்கு அந்தத் தெம்பு உண்டு?

2. பட்டறை வாசலில் ஒரு பதிவேடு

2021 செப்டம்பரில் தென்மாவட்டங்களில் தொடர்ந்த பழிவாங்கும் கொலைகளையடுத்து, காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சி. சைலேந்திர பாபுவின் உத்தரவில் மாநிலமெங்கும் தேடுதல் நடந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் பிடிபட்டன. தொடர்ந்து, அரிவாளும் கத்தியும் செய்பவர்களும் விற்பவர்களும் வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைப் பதிய வேண்டும், கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும், வேளாண்மைக்கும் வீட்டுப் பயனுக்கும் அல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டது.

இந்த அறிவுறுத்தலின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் வழியில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ள திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். லாரியின் வில் பட்டையை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, தண்ணீரில் தோய்த்து எடுக்கும் அந்தத் தொழிலில் கதிர் அறுக்கும் அரிவாளும் பிறக்கிறது, கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்ட ஆளுயர அரிவாளும் பிறக்கிறது. வாங்க வருபவரின் மனதை உலைக்காரர் எப்படி அறிவார்? போலீஸ்காரராலேயே அறிய முடியாததை அறியும் பொறுப்பு அவருக்கு வந்தது.

சட்ட நோக்கிலும் இது கேள்விக்குரியது. அரசமைப்பின் 19ஆம் பிரிவு தரும் தொழிலுரிமையை நியாயமான அளவில் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தால் வர வேண்டும். காவல்துறையின் உள்விதிகள் சட்டம் ஆகா என்று கரக் சிங் வழக்கில் 1962லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரவில் வீடு புகுந்து சோதிக்க இடமளித்த உத்தரப் பிரதேசக் காவல் விதி அதனால்தான் வீழ்ந்தது. 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் உறுதிசெய்த பின், ஒரு மனிதரின் விவரத்தைத் திரட்டி வைக்கவும் சட்டமும் தேவையும் அளவும் வேண்டும். காய்கறிக் கத்தி வாங்கியவரின் தொலைபேசி எண்ணுக்கு அந்தத் தேவை எங்கே இருக்கிறது?

அப்படியானால் முறையாகச் சட்டமே இயற்றிவிடலாமே என்பார்கள். சட்டமே இயற்றப்பட்ட இரண்டு காலங்களை இந்த மண் பார்த்திருக்கிறது.

3. கத்தியைப் பிடுங்கிய காலம், ரேகை வாங்கிய காலம்

அன்றைய சென்னை மாகாணத்தில் அடங்கிய மலபாரில், அங்குள்ள முஸ்லிம்களான மாப்பிள்ளைமாரின் தொடர் கிளர்ச்சிகளை ஒடுக்க 1854இல் 24ஆம் எண் சட்டம் வந்தது. போர்க்கத்தி வைத்திருப்பதே அதில் குற்றம். மாவட்டக் கலெக்டர் எச். வி. கொனொலி மாவட்டம் சுற்றி, சில வாரங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கத்திகளைத் திரட்டினார். எண்ணிக்கையில் அது பெரிய வெற்றி. 1855 செப்டம்பரில் கோழிக்கோட்டில் தன் பங்களாவிலேயே அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் எஞ்சிய பகுதியிலும் கிளர்ச்சிகள் ஓயவில்லை. 1921இல் அவை பெருந்தீயாயின. நிலமும் சமயமும் பின்னிக் கிடந்த அந்தக் கோபத்தில், குத்தகையாளரை ஜன்மி எனப்பட்ட நிலவுடைமையாளர் வெளியேற்றும் அதிகாரம் ஆழமான ஒரு வேர். அதைத் தொட்ட மலபார் குத்தகைச் சட்டம் 1930இல்தான் நடைமுறை கண்டது. கத்தியைப் பிடுங்கியதற்கும் காரணத்தைத் தொட்டதற்கும் இடையே முக்கால் நூற்றாண்டு கழிந்தது.

இரண்டாவது நினைவு மதுரைக்கு இன்னும் நெருக்கமானது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர் மக்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின, கைரேகைகள் வாங்கப்பட்டன. ரேகைச் சட்டம் என்றே மக்கள் அதைச் சொன்னார்கள். ரேகை வைக்க மறுத்த உசிலம்பட்டிப் பகுதிப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்டோர் மாண்டனர். அந்தச் சட்டத்தையும் இன்றைய கத்திப் பதிவேட்டையும் ஒரே தட்டில் வைப்பது பிழை. முன்னது பிறப்பையே குற்றமாக்கியது. ஆனால் தவறு செய்வதற்கு முன்பே ஒருவரைப் பதிவேட்டில் ஏற்றும் எண்ணம் இரண்டிலும் உண்டு. அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிந்த வட்டாரம் இது.

4. யார் பிடிபடுவார்?

தடைச் சட்டம் தாளில் எல்லாருக்கும் பொது. தெருவில் அது காரில் போகிறவரை நிறுத்துவதில்லை. நடந்தும் சைக்கிளிலும் போகிறவரின் பையைத்தான் துழாவும். கத்தி எதற்கு என்ற கேள்விக்கு வேலைக்கு என்ற பதில் போதுமா, போதாதா என்பதை அந்த நிமிடத்தில் ஒரு காவலரின் மனநிலை தீர்மானிக்கும். வழக்கு பின்னால் நிற்காமல் போகலாம். அன்றைய கூலி போனது போனதுதான்.

இது வெறும் அச்சம் அல்ல. நியூயார்க் மாநிலம் 1950களில் ஒருவகை மடக்குக் கத்தியைத் தடைசெய்தது. மணிக்கட்டை உதறினால் திறந்துகொள்ளும் கத்தி தடைக்குரியது என்று காவலர்கள் பொருள்கொண்டனர். சாதாரணக் கடைகளில் வெளிப்படையாக விற்ற கத்திகளே, பயன்பட்டுத் திருகு தளர்ந்ததும் அந்த வரையறைக்குள் விழுந்தன. சமையற்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், கிட்டங்கி ஊழியர்கள் கைதானார்கள். பிடிபட்டவர்களில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினருமே மிகுதி. 2019இல் ஒரு சமையற்காரரின் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் அச்சட்டத்தைத் தெளிவற்றது என்றது. அதே ஆண்டில் மாநிலமே அதை நீக்கியது. சட்டம் தன் பிழையை ஒப்புக்கொள்ள அறுபது ஆண்டுகள் ஆயின.

இங்கிலாந்து வேறு வழி கண்டது. 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் பொது இடத்தில் கூர்முனைப் பொருள் வைத்திருப்பதைக் கடுமையாகத் தடுக்கிறது. ஆனால் வெட்டுமுனை 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்தியை அதுவே விலக்கி வைக்கிறது. கத்திக் குற்றத்தைப் பெரும் நெருக்கடியாகப் பேசும் நாடே, மக்களின் சட்டைப் பையிலுள்ள சிறு கத்தியைத் தொடத் தயங்கியிருக்கிறது.

5. எதிர்வாதங்கள்

திட்டமிட்ட கொலைக்குத் தடை பயன்படாது என்றாலும், திடீர்ச் சண்டையில் கையில் கத்தி இல்லாவிட்டால் ஓர் உயிர் பிழைக்குமே என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். இதில் உண்மை இருக்கிறது. போதையிலும் ஆத்திரத்திலும் கைக்கு எட்டிய கத்தி உயிரைக் குடித்திருக்கிறது. ஆனால் அரிவாள்மணை இல்லாத வீடும், கத்தி இல்லாத கடையும் நம் ஊரில் ஏது? சட்டைப் பையைக் காலி செய்யும் சட்டம் அடுப்படியையும் வயலையும் காலி செய்யாது.

கருவியைவிடக் காரணத்தைத் தேடுவதே வழி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சமூக மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். கையில் இருந்தது அரிவாள். ஆனால் அரசு நியமித்த நீதிபதி கே. சந்துரு குழுவுக்கு இடப்பட்ட பணி, கல்விக்கூடங்களில் சாதி வன்முறையைத் தடுக்க வழி காண்பது. 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அது வகுப்பறையையும், சாதி அடையாளங்களையும், ஆசிரியர்களையும் பற்றிப் பேசியது. நோய் எங்கே என்று தேடியவர்கள் இரும்புக்கடையில் போய் நிற்கவில்லை.

தடையால் தொழில் அழியாது என்று ஆறுதல் சொல்வோரும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் அதற்கு விடை. 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு கூடாது என்று வந்ததும் அங்கே பேர்பெற்ற கத்தித் தொழில் நலிந்தது. 2023இல் அதே ஊர்ச் சந்தியில் இருபதடிக் கத்தி ஒன்று நினைவுச் சின்னமாக நிறுவப்பட்டது.

முடிவுரை

அரசு கைகட்டி நிற்க வேண்டும் என்று இக்கட்டுரை கோரவில்லை. நீதிமன்றம், பள்ளி, விமான நிலையம், கூட்டம் நெரியும் கோயில் என்று இடம் சுட்டிக் கத்தியை விலக்குவது நியாயம். பொத்தானில் பாய்ந்து திறக்கும் கத்தியைத் தனியே கட்டுப்படுத்துவதும் நியாயம். கலவரச் சூழலில் 4ஆம் பிரிவின் வழியில், பகுதியும் காலமும் குறித்து அறிவிக்கலாம். கத்தியைக் காட்டி மிரட்டுவதற்கும் ஆயுதத்தால் காயப்படுத்துவதற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தண்டனை உண்டு. வழக்கமான குற்றவாளியிடம் நன்னடத்தைப் பிணை வாங்கவும், 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் தடுப்புக் காவலில் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. குறை சட்டத்தில் இல்லை. பகை முற்றுவதை முன்கூட்டி அறிந்து தலையிடுவதிலும், சாட்சியைக் காப்பதிலும், வழக்கை விரைந்து முடிப்பதிலுமே குறை இருக்கிறது. அவை உழைப்பைக் கேட்கும் வேலைகள். தடையுத்தரவுக்கு ஒரு தாள் போதும்; அதனால்தான் அது கவர்ச்சியாகத் தெரிகிறது.

வயர் சீவும் கத்தியோடு பழங்காநத்தத்தில் பேருந்துக்கு நிற்பவர் தன் வேலையை யாருக்கும் விளக்கத் தேவையின்றி நிற்கிறார். 1959ஆம் ஆண்டின் சட்டம் அவரைக் குடிமகனாகவே பார்த்தது. இனி வரும் எந்தச் சட்டமும் அவரைச் சந்தேகத்துக்குரியவராகப் பார்க்கத் தொடங்கக் கூடாது.