குடியிருப்புக் கப்பல்களின் கரைச் சுற்றுலா

கரைச் சுற்றுலா என்பது கப்பலில் பயணம் செய்வோர், கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும் நேரத்தில் நிலத்தில் இறங்கி, அவ்வூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பார்த்துவிட்டுக் கப்பல் புறப்படும் முன் திரும்பி வருவதைக் குறிக்கும். குடியிருப்புக் கப்பல் என்பது வீட்டையோ அறையையோ சொந்தமாகவோ நீண்ட காலக் குத்தகைக்கோ பெற்று மக்கள் வாழும் சொகுசுக் கப்பல் ஆகும். ஏனைய கப்பல்களில் கரைச் சுற்றுலா விடுமுறையின் ஒரு பகுதி. குடியிருப்புக் கப்பலில் வாழ்வோருக்கோ அது வீட்டு வாசலைத் தாண்டி வெளியே செல்வதற்கு ஒப்பானது. ஆயினும் அந்த வாசல் எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைக் குடிவரவுச் சட்டங்கள், வானிலை, துறைமுக வசதிகள், உள்ளூர் மக்கள் விதிக்கும் கட்டுப்பாடுகள் ஆகியவையே முடிவு செய்கின்றன.

வரலாறு

கப்பலை வீடாகக் கொண்டு துறைமுகந்தோறும் இறங்கிப் பார்க்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. 1867இல் நியூயார்க்கிலிருந்து குவேக்கர் சிட்டி என்னும் நீராவிக் கப்பல் மத்தியதரைக் கடல் நாடுகளுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றது. அதில் சென்ற எழுத்தாளர் மார்க் டுவெய்ன், தம் அனுபவங்களை 1869இல் நூலாக வெளியிட்டார். அவர் உள்ளிட்ட சிலர் பெய்ரூட்டில் கப்பலை விட்டு இறங்கித் தமாசுக்கசு, எருசலேம் வழியாகத் தரைவழியே பயணம் செய்து யாஃபா துறைமுகத்தில் மீண்டும் கப்பலேறினர். ஒரு துறைமுகத்தில் இறங்கி மற்றொரு துறைமுகத்தில் ஏறும் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

1891 சனவரியில் ஆம்பர்கு-அமெரிக்கா நிறுவனத்தின் அகுஸ்டா விக்டோரியா கப்பல், ஆல்பர்ட் பாலின் என்பவரின் முயற்சியால் மத்தியதரைக் கடலுக்குச் சுற்றுலாப் பயணம் மேற்கொண்டது. 1922இல் கியூனார்டு நிறுவனத்தின் லக்கோனியா கப்பல் நியூயார்க்கிலிருந்து உலகைச் சுற்றும் பயணத்தைத் தொடங்கியது. இத்தகைய பயணங்களால் கரைச் சுற்றுலாக்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்து விற்பது தனித் தொழிலாக வளர்ந்தது.

குடியிருப்புக் கப்பல்கள்

இவ்வகையில் நன்கு அறியப்பட்டது எம்எஸ் த வேர்ல்ட் என்னும் கப்பல் ஆகும். நோர்வேயில் கட்டி முடிக்கப்பட்ட இக்கப்பல் 2002 மார்ச்சில் ஓசுலோவிலிருந்து தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. இதன் நீளம் சுமார் 196 மீட்டர். மொத்தக் கொள்ளளவு சுமார் 43,000 டன். இதில் 165 வீடுகள் உள்ளன. 2003 முதல் வீட்டு உரிமையாளர்களே கூட்டாகக் கப்பலுக்கும் உரிமையாளர்களாக உள்ளனர். கப்பல் செல்ல வேண்டிய வழியையும் அவர்களே கூடி முடிவு செய்கின்றனர். எனவே எந்த ஊரில் எத்தனை நாள் நிற்பது என்பதில் குடியிருப்பாளர்களுக்கும் பங்கு உண்டு.

வில்லா வீ ஒடிசி என்னும் கப்பல் 1993இல் கிரவுன் டைனசுட்டி என்ற பெயரில் கட்டப்பட்டது. பின்னர் பல பெயர் மாற்றங்களுக்கு உள்ளாகி, நெடுங்காலம் பிரேமர் என்ற பெயரில் இயங்கியது. 2024 முதல் இது குடியிருப்புக் கப்பலாகப் பயன்படுகிறது.

துறைமுகத்தில் நிற்கும் நேரம்

வழக்கமான சொகுசுக் கப்பல் ஒரு துறைமுகத்தில் பெரும்பாலும் 8 முதல் 10 மணி நேரமே நிற்கும். குடியிருப்புக் கப்பல்கள் இரண்டு, மூன்று நாட்களோ அதற்கு மேலுமோ நிற்பதுண்டு. இவ்வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதைத் துறைமுகத்துக்கும் பார்க்க வேண்டிய நகருக்கும் இடையிலுள்ள தொலைவைக் கொண்டு அறியலாம். பெருநகரங்களுக்கான கப்பல்கள் பல, உண்மையில் அந்நகரங்களில் நிற்பதில்லை.

- உரோமை: சிவிட்டவெக்கியா துறைமுகம், சுமார் 70 முதல் 80 கி.மீ.
- பாங்காக்: லேம் சபாங் துறைமுகம், சுமார் 120 கி.மீ.
- பாரிசு: லே ஆவ்ர் துறைமுகம், சுமார் 200 கி.மீ.
- கெய்ரோ: அலெக்சாந்திரியா துறைமுகம், சுமார் 220 கி.மீ.
- பெர்லின்: வார்னமுண்டே துறைமுகம், 200 கி.மீ.க்கு மேல்.

எடுத்துக்காட்டாக, அலெக்சாந்திரியாவில் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படும் கப்பலை எடுத்துக்கொள்வோம். இறங்க அனுமதி கிடைக்க ஒரு மணி நேரம், கீசாவின் பிரமிடுகளுக்குச் சென்று திரும்ப ஆறு மணி நேரம், புறப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் என்று கழித்தால் பிரமிடுகளின் முன் நிற்க இரண்டரை மணி நேரமே எஞ்சும். சாலையில் சிறு தாமதம் ஏற்பட்டாலும் அது மேலும் குறையும். கப்பல் மூன்று நாள் நிற்குமாயின் கெய்ரோவில் ஓர் இரவு தங்கி, அருங்காட்சியகத்தையும் பழைய நகரையும் நிதானமாகப் பார்க்க இயலும்.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். சென்னைத் துறைமுகத்தில் இறங்குவோர் மாமல்லபுரம் சென்று திரும்ப ஒரு பகல் போதும். ஆனால் முந்நூறு கி.மீ.க்கு அப்பாலுள்ள தஞ்சைப் பெரிய கோயிலைக் காண வேண்டுமாயின் ஓர் இரவாவது கரையில் தங்க வேண்டியிருக்கும்.

கரைச் சுற்றுலாவின் வகைகள்

கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலா: கப்பல் நிறுவனம் உள்ளூர் நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்து பேருந்து, வழிகாட்டி, நுழைவுச் சீட்டு ஆகியவற்றை ஏற்பாடு செய்கிறது. கட்டணம் கூடுதலாக இருந்தாலும், இச்சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். அல்லது பயணிகளை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் பொறுப்பை ஏற்கும்.

தனியே செல்லுதல்: பயணிகள் தாமாகவே வாடகை வண்டி, தொடர்வண்டி முதலியவற்றில் செல்வது. செலவு குறைவு, விருப்பம்போல் நேரத்தைச் செலவிடலாம். ஆனால் காலம் தவறினால் கப்பல் காத்திருக்காது. 2024 மார்ச்சில் சாவோ தோமே தீவில் தனியார் ஏற்பாட்டில் சுற்றுலா சென்ற எட்டுப் பயணிகள் காலந்தாழ்த்தி வந்ததால் கப்பலில் ஏற முடியவில்லை. காம்பியாவில் கப்பலைப் பிடிக்க முயன்றபோது, நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் கப்பல் அங்கு நிற்கவில்லை. இறுதியில் செனிகல் நாட்டின் தக்காரில்தான் அவர்களால் கப்பலேற முடிந்தது.

தரைவழி இணைப்புப் பயணம்: ஒரு துறைமுகத்தில் இறங்கி உள்நாட்டில் சில நாட்கள் பயணம் செய்து வேறொரு துறைமுகத்தில் கப்பலை அடைவது. கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள தாசுமகால், அங்கோர் வாட், மச்சு பிச்சு போன்ற இடங்களைக் காண இதுவே ஏற்ற முறையாகும். குடியிருப்பாளரின் உடைமைகள் கப்பலிலுள்ள வீட்டிலேயே இருப்பதால் சிறு பையுடன் இவ்வாறு செல்லலாம்.

ஆய்வுப் பயணம்: துறைமுகமே இல்லாத துருவப் பகுதிகளிலும் தனித்த தீவுகளிலும் இயற்கை அறிஞர்களின் துணையுடன் இறங்குவது. த வேர்ல்ட் கப்பல் 2012இல் அலாசுக்காவின் நோம் நகரிலிருந்து கிறீன்லாந்தின் நூக் நகர் வரை வடமேற்குப் பெருவழியைக் கடந்தது. 2017 சனவரியில் அண்டார்க்டிக்காவின் ராசு கடலில் தெற்கு 78° 43′ வரை சென்றது.

இறங்கும் நடைமுறை

கப்பல் துறைமுகத்தை நெருங்கியதும் உள்ளூர் வழிகாட்டி மாலுமி ஏறி அதைத் துறைக்குள் கொண்டுவருவார். கப்பலில் உள்ளோரின் பெயர்ப் பட்டியலை நலவாழ்வு, குடிவரவு, சுங்க அதிகாரிகள் சரிபார்த்து அனுமதி அளித்த பின்னரே எவரும் இறங்கலாம். 2004 சூலை 1 அன்று கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான பன்னாட்டுப் பாதுகாப்பு விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவரும் இறங்கும்போதும் ஏறும்போதும் அடையாள அட்டையைப் பதிவு செய்வதால், எவர் கரையில் உள்ளார் என்பது உடனுக்குடன் தெரியும்.

ஆழமான துறையோ இடவசதியோ இல்லாத ஊர்களில் கப்பல் கடலில் நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரை சேர்வர். கிரேக்கத்தின் சாந்தோரினி, கேமன் தீவுகளின் ஜார்ஜ் டவுன் ஆகியன இத்தகையவை. அலை மிகுந்தால் படகில் ஏறி இறங்குவது ஆபத்தானது என்பதால், ஊர் கண்ணுக்கெதிரே தெரிந்தும் கப்பல் அதைக் கடந்து செல்ல நேர்வதுண்டு. இம்முடிவை எடுக்கும் அதிகாரம் கப்பல் தலைவருக்கே உரியது.

விசாவும் நலவாழ்வுச் சான்றிதழும்

கப்பல் எந்நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டாலும், அதில் வாழ்வதால் எவருக்கும் புதிய குடியுரிமை கிடைப்பதில்லை. ஒவ்வொரு துறைமுகத்திலும் குடியிருப்பாளர் தம் சொந்த நாட்டுக் கடவுச்சீட்டுடன் வரும் அயல்நாட்டவரே ஆவார். ஒரே கப்பலில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இருவரில் ஒருவர் விசா இன்றி இறங்கவும் மற்றவர் கப்பலிலேயே இருக்கவும் நேரலாம்.

செங்கன் நாடுகளில், எந்த 180 நாள் காலப்பகுதியிலும் 90 நாட்களுக்கு மேல் ஏனைய நாட்டவர் குறுகிய காலத் தங்கலாக இருக்க இயலாது. கோடை முழுவதும் மத்தியதரைக் கடலில் உலவும் கப்பலில் வாழ்பவர் தாம் கரையிறங்கும் நாட்களைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இடையில் துருக்கி போன்ற நாடுகளுக்குச் சென்று திரும்புவதால் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா தேவைப்படும். இந்தியாவில் மும்பை, மர்மகோவா, புதுமங்களூர், கொச்சி, சென்னை உள்ளிட்ட துறைமுகங்கள் வழியாக மின்-விசாவுடன் நுழையலாம்.

மஞ்சள் காய்ச்சல் பரவும் ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வருவோரிடம் பல நாடுகள் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கின்றன. 2016 சூலை முதல் இச்சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும்.

பாதுகாப்பு

கப்பலில் உள்ள பாதுகாப்பு ஏற்பாடுகள் கரையில் இருப்பதில்லை. 2015 மார்ச் 18 அன்று தூனிசு நகரின் பார்தோ அருங்காட்சியகத்தில் நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டவர்களில் பலர் கப்பல்களிலிருந்து சுற்றுலா சென்றவர்கள்.

2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வக்காரி எனப்படும் வெள்ளைத் தீவில் எரிமலை வெடித்தபோது அங்கு 47 பேர் இருந்தனர். அவர்களுள் 38 பேர் ஒரு சொகுசுக் கப்பலின் கரைச் சுற்றுலாவில் வந்தவர்கள். மொத்தம் 22 பேர் உயிரிழந்தனர். எரிமலையின் எச்சரிக்கை நிலை மூன்று வாரங்களுக்கு முன்பே உயர்த்தப்பட்டிருந்தது. அதன்பின் அத்தீவில் சுற்றுலாப் பயணிகள் இறங்குவது நிறுத்தப்பட்டது. சுற்றுலா விற்கப்படுவதாலேயே ஓர் இடம் பாதுகாப்பானது எனக் கொள்ள இயலாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

உள்ளூர்க் கட்டுப்பாடுகள்

ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் இறங்குவதால் சிறிய ஊர்களின் தெருக்கள், குடிநீர், கழிவகற்றல் ஆகியவை பெரும் சுமைக்கு உள்ளாகின்றன. கப்பலிலேயே உணவும் உறையுளும் கிடைப்பதால் பயணிகள் ஊரில் செலவிடும் தொகை குறைவு என்ற குறையும் கூறப்படுகிறது. இதனால் பல ஊர்கள் கட்டுப்பாடுகளை விதித்துள்ளன.

- வெனிசு: 2021 ஆகத்து 1 முதல், 25,000 டன் கொள்ளளவையோ 180 மீட்டர் நீளத்தையோ தாண்டும் கப்பல்கள் சான் மார்க்கோ முன்றிலை ஒட்டிய நீர்ப்பகுதியில் செல்ல இயலாது. மேற்கூறிய இரு குடியிருப்புக் கப்பல்களும் 180 மீட்டருக்கு மேல் நீளமானவை.
- துபுரோவ்னிக்: 2019 முதல் ஒரே நேரத்தில் இரு கப்பல்களுக்கு மேல் வராதவாறு ஒழுங்கு செய்யப்படுகிறது.
- சுவால்பார்டு: 2025 சனவரி 1 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அனுமதி இல்லை.
- கலாபகசுத் தீவுகள்: 100 பயணிகளுக்கு மேற்பட்ட கப்பல்கள் தீவுகளைச் சுற்றிவர இயலாது.
- அண்டார்க்டிக்கா: 500 பயணிகளுக்கு மேற்பட்ட கப்பல்களிலிருந்து எவரும் இறங்குவதில்லை. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர் மட்டுமே இறங்கலாம். காலணிகளைக் கழுவிய பின்னரே இறங்க வேண்டும்.

இவ்விதிகள் சிறிய கப்பல்களுக்குச் சாதகமானவை. குறைந்த எண்ணிக்கையினர் வாழும் குடியிருப்புக் கப்பல் அண்டார்க்டிக்காவில் இறங்க முடிவது இதனாலேயே ஆகும்.

கரை மூடப்படும்போது

2020இல் கொரோனா பெருந்தொற்றின்போது நாடுகள் தம் துறைமுகங்களைக் கப்பல்களுக்கு மூடின. அவ்வாண்டு பிப்ரவரியில் வெசுடர்டாம் என்னும் சொகுசுக் கப்பல் பல துறைமுகங்களால் மறுக்கப்பட்டு, இறுதியில் கம்போடியாவின் சிகனூக்வில் துறைமுகத்தில் ஏற்கப்பட்டது. மார்ச்சில் த வேர்ல்ட் கப்பலின் குடியிருப்பாளர்களும் இறங்க நேர்ந்தது. மற்றக் கப்பல்களின் பயணிகள் தம் வீட்டுக்குத் திரும்பினர். இவர்களோ தம் வீட்டை விட்டு வெளியேறினர்.

இதற்கு நேர்மாறான நிலை 2024இல் ஏற்பட்டது. மே மாத இறுதியில் புறப்பட வேண்டிய வில்லா வீ ஒடிசி, பழுதுபார்ப்புப் பணிகளால் அக்டோபர் தொடக்கம் வரை வட அயர்லாந்தின் பெல்பாசுட்டில் நின்றது. உலகைச் சுற்ற வந்தவர்களுள் பலர் பகலில் கப்பலிலும் இரவில் விடுதிகளிலும் தங்கி, அந்நகரையும் அருகிலுள்ள ஊர்களையும் நான்கு மாதம் பார்த்தனர்.

இவ்விரு நிகழ்வுகளும் குடியிருப்புக் கப்பல் வாழ்வின் இயல்பை விளக்குகின்றன. வீடு குடியிருப்பாளர்களுக்குச் சொந்தமாக இருக்கலாம். அது செல்லும் வழியையும் அவர்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கரை எப்போதும் அங்கு வாழும் மக்களுடையது. இறங்குவோர் அவர்களின் அனுமதியுடன் சில நாட்கள் வந்துபோகும் விருந்தினரே ஆவர்.