புத்தகம் வரும், ஆள் வரக்கூடாது

ஒரு நூலகத்தில் இல்லாத புத்தகத்தை இன்னொரு நூலகத்திலிருந்து இரவல் வாங்கித் தருவது நல்ல ஏற்பாடு. நூலகங்கள் தங்களுக்குள் இப்படிக் கொடுத்து வாங்க வேண்டும் என்று அமெரிக்க நூலகர் சாமுவேல் கிரீன் 1876லேயே எழுதினார். அதே நாட்டில் அட்லாண்டா நகரம் இந்த ஏற்பாட்டைத் தீண்டாமைக்குக் காவலாக நிறுத்தியது.

1902இல் அங்கே கார்னகி நூலகம் திறந்தார்கள். கறுப்பர்கள் உள்ளே வரக்கூடாது. அவர்கள் கட்டிய வரியும் சேர்ந்துதான் நூலகம் நடந்தது. டுபாய்ஸ் சிலரைக் கூட்டிக்கொண்டு போய் நிர்வாகிகளிடம் நியாயம் கேட்டார். கதவு திறக்கவில்லை. 19 வருஷம் கழித்து, 1921இல், ஆபர்ன் அவென்யூவில் கறுப்பர்களுக்கென்று ஒரு கிளை வந்தது. பின்னாளில் அங்கே நூலகராக இருந்த ஆனி மெக்ஃபீட்டர்ஸ் கறுப்பின வரலாற்று நூல்களைத் தேடிச் சேர்த்தார். சிறுவன் மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்து படித்தவன்.

கிளையில் இல்லாத புத்தகம் வேணும்னா? கேட்டுவிட்டுக் காத்திருக்கணும். தலைமை நூலகம் அனுப்பி வைக்கும். அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டியது என்றால் கீழ்த்தளத்தில் தனி இடம். புத்தகத்துக்குத் தீட்டு இல்லை, எடுக்கிற கைக்குத்தான் தீட்டு.

நமக்கு இது புதுசா? பள்ளியில் தாகம் எடுத்தால் அம்பேத்கர் குழாயைத் தொட முடியாது; பியூன் வந்து திறந்துவிட வேண்டும். ஊர்க் கிணற்றடியில் நம்ம ஆத்தாமார் குடத்தோடு தள்ளி நின்றார்கள், யாராவது இறைத்து ஊற்றுவார்களா என்று. தண்ணி கிடைக்கும். உரிமை கிடைக்காது.

கேட்டு வாங்குவதில் இன்னொரு மோசமும் உண்டு. பெயர் தெரிந்த புத்தகத்தைத்தான் கேட்க முடியும். அலமாரி முன்னால் நின்று, ஒன்றைத் தேடப் போய் வேறொன்றைக் கண்டெடுக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு மட்டும்தான்.

1950களின் கடைசியில் ஸ்பெல்மன் கல்லூரிக் கறுப்பின மாணவிகள், ஆசிரியர் ஹோவர்ட் ஜின் துணையோடு, தலைமை நூலகத்துக்கே போய்க் கேட்டார்கள். கேட்டது என்ன? ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரம் பற்றி எழுதிய நூல். உங்கள் கிளைக்கு அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. விடவில்லை, திரும்பத் திரும்பப் போனார்கள். வழக்குப் போடவும் ஏற்பாடு நடந்தது. 1959 மே மாதம் நிர்வாகம் இறங்கி வந்தது. பேராசிரியை ஐரீன் டாப்ஸ் ஜாக்சன் உறுப்பினர் அட்டை வாங்கினார். அவர் மகன் மேனார்டு ஜாக்சன் பிறகு அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயரானார்.

1961 மார்ச்சில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் டூகலூ கல்லூரி மாணவர்கள் 9 பேர் முதலில் கறுப்பர் நூலகத்தில் கேட்டார்கள். புத்தகம் இல்லை. நேரே வெள்ளையர் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து படித்தார்கள். போலீஸ் கைது செய்தது.

புத்தகம் எங்கிருந்தோ வரட்டும், நல்லதுதான். ஆனால் அது இருக்கிற இடத்துக்கு நாமும் போகலாமா என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. அந்த 9 பேர் அதைத்தான் கேட்டார்கள்.