இரண்டாவது ஆளின் கூலி

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டம் காப்பது ஊர்ப் பெயரை. ஆனா அந்தப் பெயருக்கு மதிப்பு வந்ததில் கோர்வைக்குப் பெரிய பங்கு உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஊடைக்கு ஊடை பூட்ட மூன்று நாடா வேணும், நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளும் வேணும்.

நெடுங்காலம் அந்த இன்னொரு ஆள் பல வீடுகளில் ஒரு குழந்தை. பாரம்பரிய அறிவுன்னு நாம பெருமைப்படுவதற்குள் இதுவும் இருக்கு. குழந்தை பள்ளிக்குப் போகணும். அப்போ அந்த இடத்தில் உட்காரும் பெரியவருக்குக் கூலி கொடுக்கணும். கோர்வையின் உண்மையான விலை அதுதான்.

செல்போன் திரையில் விசைத்தறிச் சேலையும் கோர்வைச் சேலையும் ஒண்ணு போலத்தான் தெரியும். மலிவானது ஜெயிக்கும்.

நான் மென்பொருள் எழுதுறவன். 1804-ல் ஜக்கார்ட் தறிக்குப் போட்ட ஓட்டை அட்டைதான் பின்னாளில் கணினிக்கு வந்தது. தறிக்கு நாங்க கடன்பட்டவங்க. இணையக் கடையில் நிறம், விலைன்னு வடிகட்டலாம். நெய்த விதத்துக்கும் ஒரு கட்டம் சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. இரண்டு பேர் உழைப்பு கண்ணில் பட்டால்தான் இரண்டு பேர் கூலியைக் கேட்க முடியும்.