சொன்னதைக் கேட்கிற பையன்: எல்லைப்புறத்தில் பந்தும் தேர்வும்



இந்த மேடையில் சென்ற ஆண்டுகளில் கவிதை பேசப்பட்டது, தன்வரலாறு பேசப்பட்டது, பௌத்தம் பேசப்பட்டது. நாம் கால்பந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர் தங்கவயல் மாரிக்குப்பத்தில் ஒரு லைன் வீட்டில் பிறந்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பின் ஒசூருக்குப் பிழைக்க வந்தவர். அவர் சேர்த்த நூல்களை மன்றம் பத்திரப்படுத்தியிருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காலனித் திடலோரம் நின்று, பந்தை உள்ளங்காலால் எப்படி நிறுத்துவது என்று பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. அதுவும் வரலாறுதான் என்பது நம் கட்சி.

ஒரு நிகழ்விலிருந்து தொடங்குகிறோம். இரண்டாண்டுகளுக்கு முன் கோடையில், விளையாட்டு விடுதிச் சேர்க்கைக்கான தேர்வுக்கு நான்கு பையன்களையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் அழைத்துப் போயிருந்தோம். அதில் ஒருவன் கெலமங்கலம் பக்கத்துப் பையன், எட்டாம் வகுப்பு. விடியற்காலையில் அம்மாவோடு ரோஜாத் தோட்டத்துக்குப் போய்ப் பூ வெட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவன். இடதுகால் ஆட்டக்காரன். எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்துப் பந்தை மறுபக்கம் தள்ளுவான். தேர்வில் அவன் பெயர் வரவில்லை. ஏன் என்று கேட்டோம். தேர்வாளர்களில் ஒருவர் நல்ல மனிதர்தான், மறைக்காமல் சொன்னார்: "ஆட்டம் இருக்குங்க. ஆனா சொன்னாக் கேக்குற பையனாத் தெரியலயே."

அந்தச் சொல் நம்மை விடவில்லை. பயிற்சித் துறையில் இதற்கு ஒரு மரியாதையான பெயர் உண்டு: ‘கோச்சபிள்’. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அவர்களுடைய ஃபுட்பாலுக்கு ஆள் பிடிக்க வரும் கல்லூரிக்காரர்கள் ஓட்டத்தையும் எடையையும் அளந்த பிறகு இதைத்தான் விசாரிப்பார்கள். திருத்தினால் திருந்துவானா, தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வானா? கேட்பதில் தப்பில்லை. கற்றுக்கொள்ளத் தெரியாதவன் ஆட்டக்காரன் ஆக முடியாது. ஆனால் ஒரு பிள்ளை கற்றுக்கொள்கிறதா என்பதை ஒரு காலை நேரத்தில் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்? நிற்கிற தோரணை, பதில் சொல்கிற குரல், ஷூ, ‘சார்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்பது. நூற்றாண்டுகளாக நம் பிள்ளைகளின் பணிவை அளந்து பழகிய கண்ணும் அதே கண்தான் என்பதை இங்கே மறந்துவிட முடியாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்த எல்லைப்புறத்துக்குப் பந்து வந்தது இரண்டு வழியாக. ஒன்று பெங்களூர் தண்டுப்பகுதி. வெள்ளைப் பட்டாளம் ஆட, அதைச் சுற்றி வேலை செய்த தமிழ்க் குடியிருப்புகள் வெறுங்காலோடு ஆடக் கற்றன. மற்றொன்று தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டிய சுரங்கங்களுக்கு வடார்க்காட்டிலிருந்தும் அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்தும் போனவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். ஒசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலத்தோடு இருந்தவை. 3 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் இறங்கி, நுரையீரலில் கல்தூசி சேர்த்துக்கொண்டு மேலே வந்தவர்கள், மேலே வந்தபின் என்ன செய்தார்கள்? மாரிக்குப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை கட்டினார்கள், இரவுப் பள்ளி நடத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும். பந்தும் ஆடினார்கள். கங்காணிக்குக் கும்பிடு போட வேண்டாத ஒன்றரை மணி நேரம் அது.

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா ஆடியது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். இரண்டு பெனால்டியைத் தவறவிட்டு 1-2 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூரில் ஆடி வளர்ந்த சாரங்கபாணி ராமன். அதே அணியின் அகமது கானும் பெங்களூர்க்காரர். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடிய அருமைநாயகமும் அங்கிருந்து கொல்கத்தா மோகன் பகானுக்குப் போனவர். சந்தோஷ் கோப்பையை மைசூர் மாகாண அணி நான்கு முறை வென்றது. ஆட்ட வரலாறு எழுதியவர்கள் பெயரையும் கோலையும் எழுதினார்கள், தெருவை எழுதவில்லை. தெருவைப் பார்க்க வேண்டுமானால் அல்சூர் பக்கம் கௌதம்புராவுக்குப் போக வேண்டும். தமிழர்கள் நிறைந்த அந்தக் குடியிருப்பில் புத்தர், அண்ணல் அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பீலேவுக்கும் சிலை இருக்கிறது. கறுப்புத் தோலும் ஏழ்மையுமாக இருந்து உலகத்தை நிமிர்ந்து பார்க்க வைத்தவனைத் தங்களவன் என்று அந்தத் தெரு முடிவு செய்திருக்கிறது. ஆய்வாளர்கள் யாரும் சொல்லிக்கொடுத்து வந்த முடிவல்ல அது.

அந்தத் தெருக்களிலிருந்து வேலைக்குப் போக ஒரு கதவு இருந்தது என்பதுதான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை ஆலைகள் கால்பந்து அணி வைத்திருந்தன. ஆலை அணிக்காரர்கள் திடலுக்கு வந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் ஆட்டக்காரனுக்கு வேலை. வேலை என்றால் நிரந்தர வேலை: வைப்புநிதி, மருத்துவம், பிள்ளைக்குப் படிப்பு. இதைப் பொற்காலம் என்று நாம் பாடப் போவதில்லை, ஆயிரத்தில் ஒருவனுக்குத்தான் அந்தக் கதவு திறந்தது. ஆனாலும் மற்ற பிள்ளைகள் திடலை விட்டுப் போகாமல் இருந்ததற்கு அந்த ஒருவன் காரணம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1970களில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., 1980களில் டைட்டன். மேய்ச்சல் நிலமும் மானாவாரிக் காடும் தொழிற்பேட்டை ஆயின. முதலில் ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்டார்கள், பிறகு ஒப்பந்தக்காரர் வழியாக வா என்றார்கள். பையனை நீ எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்ட மேலாளரை நம் தலைமுறை இங்கே பார்த்ததில்லை. இன்று காலனியிலிருந்து போகிற பையனுக்கு மூன்று ஷிப்ட் மாறி மாறி வருகிறது. அவனுக்குப் பயிற்சி நேரம் என்று ஒன்று கிடையாது. தங்கவயல் பிள்ளைகளோ அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு ஓடுகிறார்கள்.

இப்போது மீண்டும் ‘கேட்கிற பையன்’. பல்வங்கர் பாலு கதையை நினைத்துக்கொள்ளுங்கள். புனேயில் ஆடுகளம் பெருக்கிய சமார் இளைஞர். வெள்ளைக்காரருக்குப் பந்து போட்டே கற்றவர். 1911இல் இங்கிலாந்தில் 100க்கும் மேல் விக்கெட் எடுத்தவர். இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் வெளியே, தனி மண் குவளையில். பந்து வீசு என்றால் வீச வேண்டும், தலைமை மட்டும் கேட்கக் கூடாது. கடைசிவரை அவருக்குத் தலைமை தரவில்லை. 1923இல்தான் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. (1937 தேர்தலில் அண்ணலை எதிர்த்து நின்று தோற்றவரும் இதே பாலுதான். நமக்குச் சங்கடமான பக்கம் என்பதற்காக அதை மறைக்க வேண்டாம்.) அமெரிக்காவில் 1970இல் லாய், மெக்கெல்வோக் என்ற இரு சமூகவியலாளர்கள் இதையே கணக்காகக் காட்டினார்கள்: ஆட்டத்தை நடத்துகிற மைய இடங்கள் வெள்ளையருக்கு, ஓடுகிற ஓர இடங்கள் கறுப்பருக்கு. கறுப்பர் ஒருவர் குவார்ட்டர்பேக்காக நின்று சூப்பர் பௌல் வெல்ல 1988 ஆயிற்று. நம் பள்ளித் திடலிலும் பாருங்கள். காலனிப் பையன் ஓரத்தில் ஓடுவான். நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துபவன் யார் வீட்டுப் பிள்ளை?

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன. வியாசர்பாடி முல்லை நகரில் உமாபதியும் தங்கராஜும் 1990களின் பிற்பகுதியில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சியையும் மாலைப் படிப்பையும் ஒன்றாகக் கட்டினார்கள். அங்கே யாரையும் வடிகட்டிச் சேர்க்கவில்லை. வந்தவர்களை வைத்து ஆடினார்கள். கடலூரில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மாரியப்பன் பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் பயிற்றுவித்தார். அங்கிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனார். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் எடுத்தபோது எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆச்சரியம் ஒன்றுமில்லை. மூன்று வேளைச் சோறு, இரவில் பயமில்லாத தூக்கம், ஒரே பயிற்சியாளர் பல ஆண்டு. இந்த மூன்றும் இருந்தால் எந்தப் பிள்ளையும் சொன்னதைக் கேட்கும். இவை இல்லாத பிள்ளையைப் பார்த்துத்தான் அடங்காதவன் என்கிறோம். நாளைக்கு வருவாரா என்று தெரியாத ஒருவர் சொல்வதை அவன் எதற்குக் கேட்க வேண்டும்?

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். நாம் போராட்டத்துக்குப் பறை தூக்கிய பிள்ளைகளைக் கொண்டாடினோம். பந்து தூக்கிய பிள்ளைகளைப் ‘படிக்காமல் திரிகிறான்’ என்று விரட்டினோம். அரசு வேலையில் விளையாட்டு வீரருக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதும், விடுதியில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேரலாம் என்பதும் காலனிப் பெற்றோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? இட ஒதுக்கீட்டுக்காக இத்தனை மேடை போட்ட நாம் இந்தத் தகவலை ஒரு துண்டறிக்கையாகக்கூட அடிக்கவில்லை.

அந்த இடதுகால் பையனுக்கு வருவோம். மறு ஆண்டு பெரியவர் உடல் தளர்ந்திருந்தும் அவனைத் தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். பூத்தோட்டக் கூலி நின்ற அந்த நாட்களுக்கு மன்றத்தார் சிலர் சேர்ந்து அவன் அம்மாவுக்குப் பணம் கொடுத்தோம். காலையில் முட்டை, ராகிக் களி, மாலையில் தூக்கம், அவ்வளவுதான். பெரியவர் அவனிடம் ‘சார்’ சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. "நான் சொல்றது ஏன்னு கேளு. புரியலன்னா மறுபடியும் கேளு" என்பதே அவர் பாடம். தேர்வில் அவன் கேள்வி கேட்டான். இந்த முறை இருந்தவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார், சேர்த்துக்கொண்டார். பெரியவர் இறந்த அன்று அவன் விடுதியிலிருந்து வந்திருந்தான். இன்று தேர்வு எழுதுகிறான், அதனால் இங்கே இல்லை.

அவனோடு வந்த மற்ற ஐந்து பேரில் இரண்டு பேர் இப்போது ஒப்பந்தக்காரர் வண்டியில் போகிறார்கள். மூன்று பேர் இன்னும் ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு வருகிறார்கள். திடலின் கிழக்குப் பக்கத்தில் யாரோ அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். திடல் புறம்போக்கு நிலம். திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு கொண்டு போகிறோம். காலை பத்து மணிக்கு ராம் நகரில் கூடுகிறோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.