பல்லடத்துக் குழல்

திருப்பூரிலிருந்து தெற்கே பல்லடம் சாலையில் செல்வோரின் காதில் முதலில் விழுவது விசைத்தறியின் ஓசைதான். பின்னலாடையும் தறியும் கோழிப்பண்ணையும் இவ்வூரின் இன்றைய அடையாளங்கள். இதே ஊரின் பெயர் ஒரு காலத்தில் தமிழகத்துச் சபாக்களில் வேறொரு பொருளில் வழங்கியது. 'பல்லடம் வாசிக்கிறார்' என்றால், ரசிகர்களுக்கு அது சஞ்சீவ ராவின் புல்லாங்குழலையே குறித்தது.

அண்மையில் நம் வகுப்பில் சிலப்பதிகார அரங்கேற்று காதையை நடத்துகையில், குழலோன் அமைதி கூறும் பகுதியில் சற்றே நின்று, பல்லடம் சஞ்சீவ ராவை அறிந்தவர் உண்டா என வினவினோம். மாணவர்களில் பாதிப்பேர் அவ்வூரைச் சுற்றியிருந்து வருபவர்கள். ஒரு கையும் உயரவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாம் சொல்லாமல் அவர்கள் எவ்வாறு அறிவர்? அந்த மௌனமே இக்கட்டுரைக்குக் காரணம்.

தமிழருக்குக் குழல் புதிதன்று. தீக்கடைகோலால் மூங்கிலில் துளையிட்டு இசைக்கும் ஆயனைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ஆய்ச்சியர் குரவையில் கொன்றையும் ஆம்பலும் முல்லையுமாகக் குழல் ஒலிக்கிறது. ஆயினும் பிற்காலக் கருநாடக இசை மேடையில் வாய்ப்பாட்டே தலைமை பெற்றது. புல்லாங்குழலுக்குத் தனிக்கச்சேரி என்ற தகுதி எளிதில் வாய்க்கவில்லை. அதனைப் பெற்றுத் தந்தவர் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872-1904). இளங்குழந்தையாயிருக்கையிலேயே பார்வையை இழந்த அவர், குழலைத் தனித்து நின்று ஒரு கச்சேரியைத் தாங்கும் கருவியாக உயர்த்தினார்.

அவரிடம் பயின்றவர்தான் 1882-இல் பல்லடத்தில் பிறந்த சஞ்சீவ ராவ். குரு மறைந்தபோது சீடருக்கு இருபத்திரண்டு வயதளவே ஆகியிருந்தது. இங்கேதான் அவர் வாழ்வின் உண்மையான சோதனை தொடங்கியது எனலாம். ஒரு மேதை வழி திறந்துவிட்டு முப்பத்திரண்டு வயதில் மறைந்துவிட்டால், அவ்வழி புல் மூடிப் போவதும் உண்டு. பின்வருபவர் நாள்தோறும் நடந்தால்தான் அது பாதையாகும். அவ்வாறு பல பத்தாண்டுகள் நடந்தவர் சஞ்சீவ ராவ்.

மேலை இசையிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 1890-இல் பார்சலோனாவில் ஒரு பழைய இசைநூல் கடையில், பாக் இயற்றிய தனிச் செல்லோ இசைப்படைப்புகளின் பிரதியைப் பதின்மூன்று வயது பாப்லோ கசால்ஸ் கண்டெடுத்தார். பயிற்சிப் பாடங்கள் போல் கருதப்பட்டு வந்தவற்றை மேடைக்குரிய பேரிசையாக உலகம் ஏற்குமாறு செய்தவர் அவரே. ஒரு கருவியின் தகுதி அதன் மரத்திலோ மூங்கிலிலோ மட்டும் இல்லை. அதற்காக ஆயுளைச் செலவிடும் மனிதரிடமும் இருக்கிறது.

சஞ்சீவ ராவுக்கு 1943-ஆம் ஆண்டு சென்னை சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதி விருது வழங்கப்பெற்றது. அவ்வரிசையில் இடம்பெற்ற முதல் புல்லாங்குழல் கலைஞர் அவரே. பக்கவாத்தியமாக அமர்ந்திருந்த கருவி, தலைமை நாற்காலிக்கு வந்து சேர்ந்தது என்று இதனைக் கொள்ளலாம்.

ஆனால் வரலாறு அத்தோடு நின்றுவிடவில்லை. பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1933-இல், ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மயிலாப்பூரில் அரங்கேறியிருந்தான். அவன்தான் பின்னாளில் 'மாலி' எனப் புகழ்பெற்ற டி.ஆர். மகாலிங்கம். ஊதும் முறையிலும் விரல் வைக்கும் முறையிலும் மாலி செய்த மாற்றங்களால், வாய்ப்பாட்டின் கமகங்கள் முன்னினும் நெருக்கமாகக் குழலில் ஒலித்தன. பிறகு வந்த என். ரமணி போன்றோர் அவ்வழியையே வளர்த்தனர். இன்று நாம் கேட்கும் குழலிசை பெரும்பாலும் அந்த மரபைச் சார்ந்தது. சஞ்சீவ ராவின் பாணி, அவர் 1962-இல் எண்பதை நெருங்கிய வயதில் மறையும் முன்னரே, பழைய பாணி என ஒதுங்கத் தொடங்கிவிட்டது.

இதனைத் தோல்வி எனக் கொள்ளலாமா? நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. உரைகாரர் வரலாற்றில் ஈடுபாடுடையோர் இதனை நன்கு உணர்வர். பின்வந்த உரை முன்னதை விஞ்சலாம். ஆனால் முன்னுரை இல்லையேல் நூலே கைக்கு வந்து சேர்ந்திராது. குழல் மேடையில் தனித்து ஒலிக்கும், அதற்கென அவை கூடும் என்ற நம்பிக்கை நிலைபெற்றிருந்த காலத்தில்தான் மாலி வந்தார். அந்த நம்பிக்கையைக் காத்து வைத்திருந்தவருள் முதன்மையானவர் பல்லடத்துக்காரர்.

அன்று வகுப்பு முடிந்ததும், தறிக்கூடம் நடத்தும் வீட்டைச் சேர்ந்த மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து, 'ஐயா, அவர் வாசித்ததை இப்போது கேட்க முடியுமா?' என்றார். சஞ்சீவ ராவின் இசைத்தட்டுப் பதிவுகள் சில எஞ்சியுள்ளன. கீறல் ஒலிகளுக்கிடையே எழும் அந்தக் குழலை இருவருமாகக் கேட்டோம். முடிந்தபின் அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'எங்கள் ஊர்தானே?' என்று மட்டும் கேட்டார்.

ஆம், உங்கள் ஊர்தான்.