பழைய ஜீப்பும் பழகாத கையும்

மோட்டார் வண்டி ஒன்றைத் தம் கையாற் கழற்றிப் பூட்டி அறியாத ஒருவர், ஆண்டுக்கணக்காக மழையிலும் வெயிலிலும் கிடந்து கறள் பிடித்த போர்க்கால ஜீப் ஒன்றை வாங்கி, அதனை மீண்டும் வீதியில் ஓட்டிக் காட்டுவேன் என்று சொன்னால் அயலவர் நகைப்பது இயல்பே. ஆயினும், நேயர்களே, அவ்வண்டியின் வரலாற்றை அறிந்தவர் நகைக்கமாட்டார். முன்பின் பழகாத கைகளே அதனைப் பழுதுபார்க்க நேரும் என்பதை நன்கறிந்த ஒரு சேனைக்காக ஆக்கப்பட்ட வண்டி அது.

1940ஆம் ஆண்டின் கோடை காலம். ஐரோப்பாவிற் பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது. அமெரிக்கத் தரைப்படையினர் குதிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஈடாக, நான்கு சில்லுகளும் இழுக்கத்தக்க சிறு வண்டி ஒன்றை விரும்பினர். 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. வண்டியின் எடை 1,300 இறாத்தலுக்கு மேற்படலாகாது. மாதிரி வண்டி 49 நாட்களுக்குள் வந்து சேரவேண்டும். இந்த நிபந்தனைகளைக் கண்டு பெரிய நிறுவனங்கள் வாளாவிருந்தன. மறுமொழி கூறியவை இரண்டே. அவற்றுள் நாட்கணக்கை ஏற்றுக்கொண்டது பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் நகரில் நொடித்துக் கிடந்த பான்டம் என்னும் சிறு நிறுவனம். டெட்ரோயிட் நகரிலிருந்து அழைக்கப்பட்ட கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலாளர் யூலை மாதத்தில் இரண்டே நாட்களில் வண்டியின் அமைப்பை வரைந்து முடித்தார். ஒவ்வோர் உறுப்பையும் புதிதாய் வார்க்க அவகாசம் ஏது? அச்சும் எஞ்சினும் சந்தையிற் கிடைப்பவற்றைத் தழுவியே அமைந்தன. செப்டெம்பர் 23ஆம் நாள் மாலை, தவணை முடிய அரை மணி நேரம் இருக்கையில், மேரிலாந்து மாநிலத்து ஹொலபேர்ட் முகாமின் வாயிலுக்கு அவ்வண்டியை வீதிவழியே ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தனர்.

எடை மாத்திரம் சொன்னபடி அமையவில்லை. எவராலும் அமைக்க முடியாத எடை அது என்பதைப் பின்னர் படையினரும் உணர்ந்து, எல்லையை 2,160 இறாத்தலுக்கு உயர்த்தினர். வில்லிஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் பார்னி ரூஸ் தமது வண்டியை முழுவதும் கழற்றி, உறுப்புக்களை ஒவ்வொன்றாக நிறுத்து, நீண்ட ஆணிகளின் மிச்ச நுனிகளையுங் கூட அறுத்து எடையைக் குறைத்தார் என்று சொல்வார்கள். அவரிடம் இருந்த எஞ்சினோ 60 பரிவலு கொண்டது. ஏனையோரின் எஞ்சின்கள் அதற்கு ஈடாகவில்லை. 1941 யூலையில் 16,000 வண்டிகளுக்கான ஒப்பந்தம் வில்லிஸிடம் சென்றது. தேவை பெருகவே, வில்லிஸின் வரைபடங்களைக் கொண்டே போர்ட் நிறுவனமும் அதே வண்டியைச் செய்யத் தொடங்கியது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளை ஆக்கிவிட்டன. முதல் வண்டியைச் செய்த பான்டமுக்கு வாய்த்தவை மூவாயிரமும் தேறா. புகழ் யாருக்கு உரியது என்னும் வழக்கு 1948 வரையில் இழுபட்டது. ஜீப் என்ற பெயர் எங்ஙனம் வந்தது என்பதும் அத்தகைய ஒரு வழக்கே. அதற்குள் நாம் இப்போது புகவேண்டியதில்லை.

இரு நிறுவனங்களின் உறுப்புக்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும் என்பது படையினரின் கட்டளை. டொலிடோ நகரிற் செய்த பற்சில்லு டியர்போனிற் செய்த வண்டியிற் சென்று அமரும். போர்ட் நிறுவனத்தார் தம் உறுப்புக்கள் பலவற்றில், ஆணித்தலையில் முதற்கொண்டு, தம் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தனர். இன்று கறளைச் சுரண்டுபவரின் கண்ணுக்கு முதலில் தட்டுப்படுவது பெரும்பாலும் அந்த எழுத்தே. ஒரே வண்டியிற் சில ஆணிகளில் எழுத்து இருக்கும், சிலவற்றில் இராது. இதைக் கண்டு வண்டி கலப்படமானது என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் வேண்டாதது. போர்க்காலத்திலேயே படைப் பட்டறைகள் ஒன்றின் எஞ்சினை எடுத்து மற்றொன்றிற் பூட்டி அனுப்பின. கலப்பும் அவ்வண்டியின் வரலாறே.

அதைப் பழுதுபார்த்தவர் யார்? வயலிலிருந்தும் கடைகளிலிருந்தும் பள்ளியிலிருந்தும் சேர்க்கப்பட்ட இளைஞர். ஸ்பானரை எப்பக்கம் திருப்புவது என்று அறியாதவரும் அவர்களுள் இருந்தனர். ஆகவே பராமரிப்பு வேலை படிப்படியாக வகுக்கப்பட்டது. முதற்படி வண்டியோட்டியின் கையில் விடப்பட்டது. 1944 பெப்ரவரியில் வெளியான படைக் கைந்நூல் எந்த ஆணியை முதலிற் கழற்றுவது, எதைப் பின்னர் கழற்றுவது என்று படங்களோடு ஒழுங்காகச் சொல்கிறது. அதனினும் சுவையானது ‘ஆர்மி மோட்டர்ஸ்’ என்ற படையினர் இதழ். வில் ஐஸ்னர் என்ற ஓவியர் அதில் ஜோ டோப் என்னும் மந்தமான சிப்பாய் ஒருவனைப் படைத்து, அவன் செய்யும் தவறுகளாலேயே மற்றவருக்குப் பராமரிப்பைக் கற்பித்தார். படக்கதை என்றால் முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. ஒரு பெருஞ் சேனையின் எண்ணெயும் பிறேக்கும் படக்கதையினாற் காக்கப்பட்டதை அவர்களுக்கு நினைவூட்டலாம். புதிதாகத் தொழில் தொடங்குபவர் இன்றும் கையில் எடுப்பது அந்தக் கைந்நூலின் மறுபதிப்பையே. பிற்காலத்துக் கார்களுக்கு எழுந்த நூல்கள் பல தொழிலறிந்தவரை நோக்கிப் பேசுகின்றன. அது அறியாதவனை நோக்கிப் பேசுகிறது.

இனி, கறளுக்கு வருவோம். அது கண்ட இடத்திற் பிடிப்பதில்லை. ஜீப்பின் தளத்தகட்டுக்கு அடியில், வலுவுக்காக வளைத்துப் பொருத்திய தகட்டுத் தாங்கிகளின் உள்ளே மரச் சட்டங்களை வைத்தார்கள். மரம் நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள, தகடு உள்ளிருந்தே அரித்துப்போயிற்று. பெற்றோல் தாங்கி சாரதியின் ஆசனத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் அமர்ந்திருக்கிறது. சேறும் நீரும் அங்கே தேங்கும். ஆகையால் வண்டியை வாங்குமுன் பளபளப்பை நோக்காது, குனிந்து அவ்விரு இடங்களையும் சிறு சுத்தியலாற் தட்டிப் பார்ப்பது நலம். அடிச்சட்டம் நேராக இருந்தால் மற்றவை பெரும்பாலும் கைகூடும்.

எஞ்சின் இறுகியிருந்தால் அஞ்சவேண்டியதில்லை, ஆத்திரப்படத்தான் கூடாது. வால்வுகள் எல்லாம் கீழ்க்கட்டையிலேயே அமைந்திருப்பதால், மேல்மூடி ஒரு தட்டைப் பெட்டிமூடி போலக் கழன்று வரும். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுள் எண்ணெய் விட்டு, நாட்கணக்கிற் காத்திருந்து, பின்னர் முன்புறத்துக் கைப்பிடியால் மெல்ல அசைத்துப் பார்த்தல் வேண்டும். பொறுமையற்றவர் வேறொரு வண்டியிற் கட்டி இழுத்துச் சுழற்ற முயன்று பிஸ்டனை உடைத்துவிடுவர். இடப்பக்கச் சில்லுகளின் சுரைகள் எதிர்த்திசையிற் சுழல்வன. இதனை அறியாது பலங்கொண்ட மட்டும் திருகி ஆணியை முறித்தவர் கணக்கிலர்.

உயிரோடு தொடர்புடைய சிலவற்றையும் சொல்லவேண்டும். போர்க்கால ஜீப்புகள் பலவற்றின் சில்லு, இரு பாதிகளைச் சுரைகளால் இணைத்துச் செய்யப்பட்டது. ரயரிற் காற்று இருக்கும்போது அந்தச் சுரைகளைக் கழற்றினால், பாதிச் சில்லு எறிகணைபோல எழும். வண்டியிலிருந்து சில்லை எடுக்கும் சுரைகள் வேறு, பாதிகளை இணைக்கும் சுரைகள் வேறு. முதலில் இந்த வேற்றுமையைக் கற்ற பின்னரே ஸ்பானரைத் தொடுக. வெறுமையாகத் தோன்றும் பெற்றோல் தாங்கியில் ஆவி நிற்கும். அதன் அருகே தீப்பொறி பறக்கும் ஒட்டு வேலை செய்யலாகாது. பழைய மையில் ஈயமும் பழைய பிறேக் பட்டைகளில் கல்நாரும் இருக்கக்கூடும். அவற்றின் தூசு மூச்சுக்குட் செல்லாதவாறு ஈரமாக்கித் துடைப்பதே முறை.

இந்த வண்டி நம் நாட்டுக்கும் புதியதன்று. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றியபோது, அதனோடு வந்தவற்றுள் ஜீப்பும் ஒன்று. அதே சேனைக்காகக் கொழும்பிற் பேசிய வானொலி நிலையம் போரின் பின்னர் இலங்கை வானொலியின் கைக்கு வந்ததை நேயர்கள் அறிவர். பிலிப்பைன்ஸ் நாட்டினரோ விட்டுச்செல்லப்பட்ட ஜீப்புகளை நீட்டி, அலங்கரித்து, பயணிகளை ஏற்றும் ஜீப்னிகளாக்கினர். அதே நாட்டிலிருந்து பழைய ஜீப்பின் முழு உடற்கூடும் புதிதாய்ச் செய்யப்பட்டு உலகெங்கும் விற்கப்பட்டது.

இங்கேதான் புதியவர் தடுமாறுவார். கறள் தின்ற கூட்டை எறிந்துவிட்டுப் புதுக்கூட்டை வாங்கிப் பூட்டுதல் இலகு. வேலை சில கிழமைகளில் முடிந்துவிடும். அடிச்சட்டத்துக்கு அவ்வாறு செய்வதை நான் குறைகூறேன். அதன் மேல் மனித உயிர் ஏறிச் செல்கிறது. ஆனால் கூட்டிலே உள்ள நெளிவும் ஒட்டும் துளையும் அவ்வண்டி எங்கெங்கு சென்றது என்பதற்குச் சான்றுகள். அரித்த பகுதியை மட்டும் வெட்டி, அளவாகப் புதுத்தகடு வைத்து ஒட்டுவது நெடிய வேலைதான். பழகாதவருக்கோ அவசரப்படுத்தும் முதலாளி இல்லை. மணிக்கூலிக் கணக்கும் இல்லை. தொழிற்சாலைக்கு வாய்க்காத அந்த அவகாசம் அவரிடம் உண்டு.

எஞ்சின் மூடியின் பக்கத்தை வெறியோடு தேய்க்காமல், நுண்ணிய தாளை நீரில் நனைத்து ஓர் அடுக்கு ஓர் அடுக்காகத் தேய்க்கவேண்டும். பிற்காலத்து உரிமையாளர் பூசிய சிவப்பும் பச்சையும் கழியும். அதன் கீழே படையினரின் மங்கிய பசுமை தோன்றும். அதன்மேல், போரின் தொடக்க காலத்து வண்டியாயின் மங்கல் நீலத்திலும், பிற்பட்டதாயின் வெள்ளையிலும், 20 என்று தொடங்கும் பதிவெண் மெல்லத் தெரியவரும். தெரிந்தவுடன் தேய்ப்பை நிறுத்தி, படம் பிடித்து, எழுத்தின் உயரத்தையும் இடைவெளியையும் அளந்து எழுதிக்கொண்டபின், மேலே புதுமை பூசலாம். அந்த எண்ணின் மேல் மட்டும் மை பூசாது, தெளிந்த எண்ணெய் தடவி அப்படியே விட்டுவிடுவோரும் இருக்கின்றனர்.