கல்பாத்தித் தெரு யாருடையது?

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு ஊர் என்றவுடன் நினைவுக்கு வருவது தெருவே. வாசலில் இட்ட கோலம், திண்ணையில் அமர்ந்த பெரியவர், தெருக்கோடியில் நிற்கும் தேர் ஆகிய இவையே நம் நெஞ்சில் ஊராக நிலைத்திருக்கின்றன. ஆயின், அந்தத் தெரு யாருக்கு உரியது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? 1924-ஆம் ஆண்டில் பாலக்காட்டில் அக்கேள்வி எழுந்தது. அதன் விடையில் இன்றும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

பாலக்காட்டுக் கணவாயின் வழியே சோழநாட்டிலிருந்து சென்று குடியேறிய தமிழ் அந்தணர்கள் அமைத்த அக்கிரகாரங்களுள் முதன்மையானது கல்பாத்தி. "காசியில் பாதி கல்பாத்தி" என்பது அங்கு வழங்கும் பழமொழி. ஆற்றங்கரையிலுள்ள விசுவநாதசுவாமி கோயில் 1425-ஆம் ஆண்டில் எழுந்தது என்பர். அங்கே வீடுகள் ஒன்றோடொன்று பொதுச் சுவரால் இணைந்து, இருபுறமும் வரிசையாக நிற்கின்றன. வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே திண்ணை ஒன்றே எல்லை. ஆகவே, தெருவே முற்றம். அதுவே தேரோடும் வீதி. அங்குள்ளோர் அதனைத் தம் இல்லத்தின் ஒரு பகுதியாகவே கருதியதில் வியப்பில்லை.

ஆயினும், அத்தெருவுக்கு வேறோர் உரிமையாளரும் வந்து சேர்ந்தார். 1865-ஆம் ஆண்டின் சென்னை நகர மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1866-இல் பாலக்காட்டில் நகரசபை ஏற்பட்டது. சாலைகளைச் செப்பனிடுவதும், சாக்கடைகளைத் துப்புரவு செய்வதும், விளக்கேற்றுவதும் இத்தகைய சபைகளின் கடமைகளாயின. அதற்காக ஊர் மக்கள் அனைவரிடமும் வரி தண்டப்பட்டது. பின்னர் வந்த 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகரசபைகள் சட்டம், பொதுத் தெருக்கள் நகரசபையைச் சேர்ந்தவை என்று வகுத்தது. பொதுப் பணத்தால் பேணப்படும் தெருவில் பொதுமக்கள் நடக்கலாமா, கூடாதா? சட்டத்தின் நோக்கில் இது எளிய கேள்வியே. வழக்கத்தின் நோக்கில் அவ்வாறு அன்று. ஈழவரும் பிற தாழ்த்தப்பட்டோரும் அக்கிரகாரத் தெருக்களில் கால் வைக்க இயலாதிருந்த காலம் அது.

1924 மார்ச் 30-இல் திருவிதாங்கூர் நாட்டு வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. வைக்கம் ஒரு மன்னரின் ஆட்சிக்குட்பட்டது. பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பினரும் எந்த ஊரிலும் பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் நடக்கத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. 1924 செப்டம்பர் 25-ஆம் நாள் அது அரசாணையாகவும் வெளிவந்தது.

இரண்டு மாதம் செல்லுமுன் கல்பாத்தித் தேர்த்திருவிழா வந்தது. ஆணையை நம்பி ஈழவர்கள் தெருவுக்குள் வந்தனர். எதிர்ப்பு எழுந்தது, பூசல் மூண்டது. அமைதியைக் காப்பதற்கென்று 144-ஆவது பிரிவின்கீழ்த் தடையுத்தரவு பிறந்தது. அந்தத் தடை யார்மீது விழுந்தது? நடக்க வந்தவர்கள்மீதே விழுந்தது! அரசாங்கம் ஒரு கையால் திறந்த வாயிலை மறு கையால் அடைத்ததுபோலாயிற்று. மனம் நொந்த ஈழவர் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தனர். பெயரும் சமயமும் மாறினால் வழி திறக்குமோ என்று ஒரு மனிதன் எண்ண நேர்ந்ததே, அதனினும் துயரம் வேறு உண்டோ?

எனினும், வித்து வீணாகவில்லை. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆவது விதி, முழுமையாகவோ பகுதியாகவோ அரசுப் பணத்தால் பேணப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, மதம் பற்றிய தடை கூடாது என்று விதித்தது. செப்பனிடும் பணம் யாருடையதோ, நடக்கும் உரிமையும் அவருடையதே என்னும் நியாயம் நாட்டின் அடிப்படைச் சட்டமாயிற்று.

இன்றும் கல்பாத்தியில் நவம்பர் மாதத்தில் தேர் ஓடுகிறது. நான்கு கோயில்களின் தேர்கள் கூடும் காட்சியைக் காண எல்லாச் சமூகத்தவரும் திரள்கின்றனர். அந்நாட்களில் அங்கே வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. குழந்தையும் முதியவரும் கூட்டத்தில் நசுங்காதிருக்க அது வேண்டியதே. 1924-இன் உத்தரவும் பாதுகாப்பின் பெயரால் வந்ததுதானே என்று கேட்கலாம். வேறுபாடு தெளிவானது. இன்றைய கட்டுப்பாடு யார் வண்டி என்று பாராமல் எல்லா வண்டிகளையும் நிறுத்துகிறது. அன்றைய கட்டுப்பாடு மனிதனின் பிறப்பைப் பார்த்து அவனை நிறுத்தியது.

நேயர்களே, நீங்கள் வாழும் நகரத்திலும் தெருக்களைப் பற்றிய முடிவுகள் நாள்தோறும் எடுக்கப்படுகின்றன. குடியிருப்பின் வாயிலில் கதவிடலாமா, நடைபாதையை அடைக்கலாமா, அயலார் நுழைவதைத் தடுக்கலாமா என்னும் பேச்சு எழும்போதெல்லாம், பாதுகாப்பு என்னும் சொல் முதலில் முன்வைக்கப்படும். அப்போது ஒரு கணம் கல்பாத்தியை நினையுங்கள். இந்தத் தடை எல்லார்மீதும் ஒன்றுபோல் விழுகிறதா, எளியவர்மீது மட்டும் விழுகிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர் உள்ள ஊரில் தெரு ஊராருடையதாகவே இருக்கும்.